சுமப்பவளின் அளவு

நான் வேட்டைக்குப் போகிறவள் என்று தெரிந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது துப்பாக்கியைப் பற்றித்தான். எவ்வளவு தூரம் சுடும், தோளில் உதைக்காதா, கை நடுங்காதா, மனசு கேட்குமா? சென்னையிலிருந்து பேசும் சிநேகிதிகளும் இதையேதான் கேட்கிறார்கள். இங்கே கொலராடோவில் என்னோடு வேலை பார்க்கும் ஆண்களும் இதையேதான் கேட்கிறார்கள். "உன் பை என்ன பை?" என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஐந்து நாள் மலையில் தங்கி வேட்டையாடும் ஒருத்திக்குத் துப்பாக்கி வேலை செய்வது ஒரு நொடி. அதுவும் எல்லா வருடமும் இல்லை. மற்ற நேரமெல்லாம் வேலை செய்வது முதுகில் இருக்கும் பைதான்.

வேட்டை என்றால் நமக்குத் தோன்றும் படம் வேறு. ராஜாக்களும் துரைமார்களும் செத்த புலியின் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட புகைப்படங்கள். காட்டை நம்பி வாழ்ந்த பழங்குடிகளின் வேட்டை அந்தப் படங்களில் இல்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் வேட்டை குற்றம். கொலராடோவில் அது உரிமத்துக்கு உட்பட்டது. 1949 ஜனவரி 1க்குப் பிறகு பிறந்தவர்கள் பயிற்சி வகுப்பில் தேறிய அட்டை இல்லாமல் உரிமம் வாங்க முடியாது. எந்த மலைப்பகுதி, எந்த வாரம், ஆண் விலங்கா பெண் விலங்கா என்பதெல்லாம் உரிமத்திலேயே இருக்கும். நான் வாங்குவது பெண் எல்க்குக்கான உரிமம். எல்க் நம் கடமானின் உறவு, ஆகிருதியில் அதைவிடப் பெரியது. வளர்ந்த பெண் எல்க் 200 கிலோவைத் தாண்டும். ஒன்று கிடைத்தால் எங்கள் வீட்டுக்கு ஒரு வருடத்துக் கறி.

சுட்ட பிறகுதான் கணக்கே ஆரம்பிக்கிறது. எலும்பை நீக்கினாலும் 65, 70 கிலோ கறி வரும். எலும்போடு ஒரு பின்தொடை மட்டுமே 20 கிலோவுக்கு மேல். உண்ணத் தகுந்த கறியைக் காட்டில் போட்டுவிட்டு வருவது சட்டப்படி குற்றம். நான்கு கால்களின் கறியும், முதுகுத்தண்டை ஒட்டி இரண்டு பக்கமும் ஓடும் கறியும் வீடு வந்து சேர வேண்டும். இன்னொரு விதியும் உண்டு. பெண் விலங்குக்கான உரிமம் என்றால், அது பெண்தான் என்பதற்கான அடையாளம், மடியோ பிறப்புறுப்போ, கறியோடு அறுபடாமல் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். செத்த பிறகும் தான் பெண் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிற ஒரு உடலைச் சுமந்துகொண்டு மலை இறங்கும்போது எனக்குச் சிரிப்பும் வராது, அழுகையும் வராது. ஒரு மாதிரி அமைதியாகிவிடுவேன்.

என் எடை 58 கிலோ. கூடாரம், படுக்கைப் பை, சாப்பாடு, தண்ணீர், துப்பாக்கி எல்லாம் சேர்த்து உள்ளே போகும்போது 18 கிலோ சுமப்பேன். கறியோடு இறங்கும்போது ஒரு நடைக்கு 25 கிலோ வரை போகும். சாலையிலிருந்து 4 கிலோமீட்டர் தள்ளிச் சுட்டிருந்தால், கறிக்கு மூன்று நடை, கூடாரத்துக்கும் சாமானுக்கும் ஒரு நடை. நான்கு முறை இறங்கி மூன்று முறை ஏற வேண்டும். மொத்தம் 28 கிலோமீட்டர், அதில் 16 கிலோமீட்டர் முதுகில் பாரத்தோடு. 3,000 மீட்டர் உயரத்தில், அக்டோபர் குளிரில், விழுந்து கிடக்கும் மரங்களைத் தாண்டித் தாண்டி. இதைத்தான் வேட்டை என்கிறார்கள். குறி பார்ப்பதை ஒரு கோடையில் கற்றுக்கொண்டேன். சுமப்பதைக் கற்க மூன்று வருடம் ஆனது.

எனக்கு வேட்டை கற்றுத்தந்தவர் ஒரு பெண். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், அறுபதைத் தாண்டியவர். பெயர் சொல்லிக் கூப்பிடு என்பார். அத்தனை வயது மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு இன்றும் வாய் வராது. மனசுக்குள் அவர் எனக்கு அக்கா. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்கவும், எல்க் படுத்து எழுந்த புல்லைத் தொட்டுச் சூடு பார்க்கவும், வயிற்றைக் கிழிக்காமலேயே கறியைப் பிரித்தெடுக்கவும் சொல்லித்தந்தவர் அவர். ஆனால் இப்போது அவர் சாலையிலிருந்து அரை கிலோமீட்டருக்கு மேல் வருவதில்லை. கீழ்முதுகில் இரண்டு இடங்களில் வட்டு பிதுங்கியிருக்கிறது. கழுத்து இடப்பக்கம் முழுதாகத் திரும்பாது.

முப்பது வருடம் அவர் சுமந்தது கணவரின் பழைய பை. வெளியே அலுமினியச் சட்டகம் வைத்தது. கணவர் ஆறடிக்கு மேல், அக்கா என்னைவிடக் கொஞ்சம்தான் உயரம். இடுப்பில் உட்கார வேண்டிய வார் அவருக்குப் பிட்டத்தில் வந்து இடித்ததால், அதை அவிழ்த்துத் தொங்கவிட்டுவிட்டு மொத்தப் பாரத்தையும் தோளில் வாங்கிக்கொண்டு நடந்திருக்கிறார். கணவர் புதிதாக வாங்கும்போது பழையது அவருக்கு வரும். நம் வீடுகளில் அண்ணனின் சைக்கிள் தங்கைக்கு வருவதுபோல. "எனக்குத்தான் முதுகில் பலம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்று அவர் ஒருநாள் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பதுபோல ஒரு தகவலாகச் சொன்னார்.

எனக்கும் முதலில் வந்தது வீட்டில் கிடந்த ஓர் ஆண் பைதான். என் இணையர் கல்லூரிக் காலத்தில் மலையேறிய பை, நல்ல பை, அவருக்குப் பொருந்திய பை. எனக்கு அதன் தோள்வார்கள் அகன்று விழுந்தன. சரியாமல் இருக்க நெஞ்சுவாரை இழுத்துப் பூட்டினால் அது மார்பின் குறுக்கே அழுந்தும். தளர்த்தினால் வார் தோள் நுனிக்கு நழுவும். இரண்டு மணி நேர நடையில் வலது கை மரத்துப்போகும். தோள்வார் அழுத்தி நரம்பு நசுங்கிக் கை வலுவிழப்பதற்கு மருத்துவர்கள் பையின் பெயரையே வைத்திருக்கிறார்கள், ரக்ஸாக் பால்ஸி என்று. இடுப்பின் இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போகும். அந்தப் பருவத்தில் எங்களோடு வந்த ஆண்கள் எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் ஒரே மருந்தைத்தான் சொன்னார்கள்: ஜிம்முக்குப் போ, தோளுக்குப் பயிற்சி செய். பையைத் திருப்பிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பை சரி, உடம்புதான் தப்பு.

இந்த வாக்கியம் நமக்குப் புதிதில்லை. பேருந்தில் எட்டாத கைப்பிடி, கால் தரையில் படாத அலுவலக நாற்காலி, பெரிதாக இருக்கும் ஆய்வுக்கூடக் கையுறை. பொருள் பொருந்தாதபோது நாம் நம்மைத்தான் சரிசெய்துகொள்கிறோம். பையில் ஒரு வித்தியாசம் உண்டு. அது நம்மை வெறுமனே அசௌகரியப்படுத்துவதில்லை, முதுகெலும்பில் எழுதி வைத்துவிட்டுப் போகிறது.

பை வாங்கப் போன கடையில் விற்பனையாளர் என்னைப் பார்த்ததும் நேராக ஓர் அலமாரிக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரே ஒரு மகளிர் பை இருந்தது. ஓரத்தில் பிங்க் தையல், 45 லிட்டர் கொள்ளளவு. கறி வைக்கும் தட்டு இல்லை. வேட்டைப் பைகளில் சட்டகத்துக்கும் பைக்கும் நடுவில் கறியை வைத்துக் கட்டும் இடம் ஒன்று இருக்கும். முதுகை ஒட்டிப் பாரம் உட்காருவதற்கான ஏற்பாடு அது. ஏன் இதில் இல்லை என்று கேட்டேன். "கறியை உங்கள் வீட்டுக்காரர் தூக்கிக்கொள்வார் இல்லையா?" என்றார். கேலி இல்லை, உண்மையிலேயே உதவுகிற குரல். ஆணின் பையை எடு, சுருக்கு, பிங்க் அடி, மகளிர் பை என்று சீட்டுப் போடு என்று இங்குள்ள பெண்கள் கேலி செய்வதன் பொருள் எனக்கு அன்றுதான் முழுதாகப் புரிந்தது.

பிங்க் இங்கே சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. துப்பாக்கிப் பருவத்தில் வேட்டைக்குப் போகிறவர்கள் மற்றவர் கண்ணில் படும்படி இடுப்புக்கு மேலே குறைந்தது 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு நிறம் அணிய வேண்டும். 2016இல் விஸ்கான்சின் மாநிலம், பெண்களை வேட்டைக்கு ஈர்க்கலாம் என்று ஒளிரும் பிங்க்கையும் அனுமதித்தது. அதே ஆண்டு கொலராடோவும் அனுமதித்தது. வேட்டைக்குப் போகும் பெண்கள் பலரே அதை அவமதிப்பு என்றார்கள். எனக்குப் பிங்க்கின் மேல் பகை எதுவும் இல்லை. சட்டமன்றம் ஒன்று பெண்களுக்காக யோசிக்க உட்கார்ந்து ஒரு நிறத்தோடு எழுந்துவிட்டது என்பதுதான் உறுத்துகிறது. சட்டையின் நிறம் மாறினால் 25 கிலோ இறங்கிவிடாது.

அளவுக்கு வருகிறேன். பை உயரத்தைப் பார்த்து வாங்குவதில்லை, முதுகின் நீளத்தைப் பார்த்து வாங்குவது. ஐந்தரையடிப் பெண்ணுக்குக் குட்டை முதுகு இருக்கலாம், ஐந்தடிப் பெண்ணுக்கு நீள முதுகு இருக்கலாம். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஓர் எலும்பு முட்டிக்கொண்டு தெரியும். அது மேல்முனை. இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் வைத்து, கட்டைவிரல்களைப் பின்னால் நீட்டினால் அவை முதுகில் சந்திக்கும் இடம் கீழ்முனை. இரண்டுக்கும் நடுவில் முதுகின் வளைவோடு ஒட்டி நாடாவைப் பிடித்தால் வருவதுதான் உங்கள் அளவு. தன் முதுகைத் தானே அளக்க முடியாது. இன்னொருத்தி வேண்டும்.

அக்காவின் சமையலறையில், அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டிருக்க, அவர் என் முதுகை அளந்தார். 41 சென்டிமீட்டர். பிறகு நான் அவரை அளந்தேன். 43. கொட்டகையிலிருந்து அந்தப் பழைய அலுமினியச் சட்டகத்தைக் கொண்டுவந்து, தோள்வார் பூட்டிய இடத்திலிருந்து இடுப்புவார் வரை நாடா பிடித்தோம். 51. முப்பது வருடம், எட்டு சென்டிமீட்டர். அவர் நாடாவைச் சுருட்டி மேசை இழுப்பறையில் வைத்தார். அடுப்பை அணைத்தார். அன்று வேட்டையைப் பற்றி நாங்கள் மேற்கொண்டு பேசவில்லை.

அளவு தெரிந்த பிறகு பார்க்க வேண்டியது இடுப்புவார். நல்ல பையில் பாரத்தின் பெரும்பகுதி இடுப்பில்தான் இறங்கும். தோள் பையைப் பிடித்துவைத்துக்கொள்ள மட்டும்தான். வாரின் நடுப்பகுதி இடுப்பெலும்பின் விளிம்பின் மேல் உட்கார வேண்டும். புடவை கட்டும் இடத்தில் கட்டினால் வயிறு நசுங்கும், அதற்குக் கீழே இறங்கினால் தொடை அசையாது. பெண்களில் பலருக்கு இடுப்பு மேலே குறுகிக் கீழே விரிந்திருக்கும். நேராக வெட்டிய வார் மேல் ஓரத்தில் இடைவெளி விட்டுக் கீழ் ஓரத்தில் மட்டும் கடிக்கும். எனக்கு வந்த கன்றலுக்கு அதுதான் காரணம். கூம்பு வடிவத்துக்கு ஏற்பச் சாய்த்து வெட்டிய வார், அல்லது சாய்வைத் தானே மாற்றிக்கொள்ளும் வார் வேண்டும். இழுத்துக் கட்டிய பிறகும் முன்பக்கம் இரண்டு மெத்தைகளுக்கும் நடுவே நாலைந்து விரல் இடம் மிச்சமிருக்க வேண்டும். மலையில் ஐந்து நாளில் இடுப்பு இளைக்கும். அப்போது இறுக்க இடமில்லாத வார் வெறும் அலங்காரம்.

அடுத்து தோள்வார். ஆண் பைகளில் இரண்டு வார்களும் தள்ளித் தைக்கப்பட்டிருக்கும், நேராக இறங்கும். நெருக்கமாகத் தைத்து, மார்பைச் சுற்றிக்கொண்டு வளைந்து அக்குளுக்குக் கீழே போகும் வார்தான் எனக்குப் பொருந்தியது. நெஞ்சுவாரை மேலும் கீழும் நகர்த்த முடிய வேண்டும். காறை எலும்புக்கு இரண்டு மூன்று விரல் கீழே அது நிற்க வேண்டும். தோளுக்கு மேலே சட்டகத்தின் உச்சியிலிருந்து தோள்வாருக்கு வரும் இரண்டு சின்ன வார்கள் பாரத்தை முதுகோடு சேர்த்து இழுக்கும். அவை ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் நிற்க வேண்டும். படுத்துக் கிடந்தால் சட்டகம் உங்களுக்குக் குட்டை என்று அர்த்தம், அவற்றால் பயன் இல்லை. கறி சுமக்கும் பைக்குச் சட்டகம் தோளைவிட உயரமாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான். குட்டை முதுகுக்காரிக்குக் குட்டைச் சட்டகம் என்று கடையில் கொடுப்பார்கள். வேண்டியது குட்டைச் சட்டகம் இல்லை. தோள்வாரைக் கீழே இறக்கிப் பூட்டக்கூடிய உயரமான சட்டகம்.

காலிப் பையை மாட்டிக்கொண்டு கண்ணாடி பார்ப்பதால் எதுவும் தெரியாது. காலிப் பை எல்லோருக்கும் பொருந்தும். மணல் மூட்டையோ தண்ணீர்க் குடுவைகளோ வைத்துக் குறைந்தது 15 கிலோ ஏற்றச் சொல்லுங்கள். எல்லா வார்களையும் தளர்த்துங்கள். முதலில் இடுப்புவாரைக் கட்டுங்கள், பிறகு தோள்வார், பிறகு மேல்வார், கடைசியில் நெஞ்சுவார். இருபது நிமிடம் படி ஏறி இறங்குங்கள். குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிப் பாருங்கள். கடைக்காரர் அவசரப்பட்டால் அவருக்கு வேறு வேலை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு வேறு வேலை இல்லை. நான் கடைசியில் வாங்கிய பை 70 லிட்டர், மண் நிறம், மகளிர் பை என்று எங்கும் எழுதியிருக்காது. சட்டகம் எல்லோருக்கும் ஒன்று, இடுப்புவாரும் தோள்வாரும் தனித்தனி அளவில் வாங்கிப் பூட்டிக்கொள்ளலாம். பெண் உடலுக்கு என்று ஒரே ஓர் அளவு இருப்பதாக அது நினைக்கவில்லை. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

பாரத்தை இடுப்புக்கு இறக்கும் அறிவு பைத்தொழிலுக்கு வந்தது கிட்டத்தட்ட எழுபது வருடங்களுக்கு முன்புதான். கலிஃபோர்னியாவில் டிக் கெல்டி என்பவர் சியரா மலையில் நடக்கும்போது, பைச்சட்டகத்தின் அடிமுனைகளைக் கால்சட்டையின் பின்பைகளில் செருகிப் பார்க்க, பாரம் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கியதாம். 1952இல் வீட்டிலேயே தொழில் தொடங்கினார். கொட்டகையில் அவர் சட்டகம் செய்தார், மனைவி நீனா கெல்டி பைகளைத் தைத்தார். நவீன முதுகுப்பையின் தந்தை என்று டிக் கெல்டியைச் சொல்வார்கள். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவரை யாரும் தாய் என்று சொல்லிக் கேட்டதில்லை.

இடுப்பு சுமக்கும் என்பதைக் கண்டுபிடிக்க என் அம்மாச்சிக்கு மலையேற வேண்டியிருக்கவில்லை. ஒரு குடம் இடுப்பில், ஒரு குடம் தலையில், தலைக்கும் குடத்துக்கும் நடுவே பழம்புடவையைச் சுருட்டிச் செய்த சும்மாடு. சும்மாட்டைவிடத் துல்லியமாகச் சுமப்பவளுக்குப் பொருந்தும் கருவியை நான் பார்த்ததில்லை. அவரவர் தலைக்கு அவரவரே சுற்றிக்கொள்வது. கென்யாவின் லுவோ பெண்கள் தலையிலும் கிகுயூ பெண்கள் நெற்றியில் மாட்டிய வாரிலும் சுமப்பதை அளந்த ஆய்வு ஒன்று 1986இல் நேச்சர் இதழில் வந்தது. தங்கள் எடையில் 20 விழுக்காடு வரை அவர்கள் கூடுதல் ஆற்றல் செலவே இல்லாமல் சுமந்தார்கள் என்றது அது. படித்ததும் பெருமைப்படத் தோன்றும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். வேறு யாரும் சுமக்க வராத வீடுகளில் சிறுவயது முதல் சுமந்து வந்த தேர்ச்சி அது. என் அம்மாச்சிக்குக் கடைசிக் காலத்தில் கழுத்து நிற்கவில்லை. பெண்கள் சுமப்பதில் வல்லவர்கள் என்ற பாராட்டும், கறியை வீட்டுக்காரர் தூக்கிக்கொள்வார் என்ற கரிசனமும் ஒரே வாயிலிருந்து வரக்கூடியவை. தண்ணீர், விறகு, பிள்ளை என்றால் நாம் பலசாலிகள். துப்பாக்கியும் கறியும் என்றால் மெல்லியவர்கள்.

1966இல் சிகாகோவில் மானுடவியலாளர்கள் கூடி 'வேட்டையாடும் மனிதன்' என்று ஒரு கருத்தரங்கு நடத்தினார்கள். அதன் ஆங்கிலத் தலைப்பில் மனிதன் என்பதும் ஆண் என்பதும் ஒரே சொல். 1971இல் சாலி ஸ்லோகம் அதற்கு மறுப்பு எழுதினார். ஆண் வேட்டையாடினான், அதனால் மனித இனம் வளர்ந்தது என்றால் பாதி இனம் என்ன செய்துகொண்டிருந்தது என்பது அவர் கேள்வி. மனிதரின் முதல் கண்டுபிடிப்புகளில் ஈட்டியைவிட, சேகரித்ததைப் போட்டுக்கொள்ளும் கொள்கலனும் குழந்தையைக் கட்டிக்கொள்ளும் தூளியும் முந்தியவையாக இருந்திருக்கலாம் என்றார் அவர். பைதான் முதல் கருவி. தோல், நார், துணி எல்லாம் மக்கிப்போகும், கல்முனை மக்காது. அதனால் அருங்காட்சியகத்தில் ஈட்டிமுனை இருக்கிறது, பை இல்லை.

நான் இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். பெருவின் மலைப்பகுதியில் விலமாயா பட்ஹ்சா என்ற இடத்தில் கிடைத்த ஏறக்குறைய 9,000 வருடப் பழைய புதைகுழியைப் பற்றி 2020இல் ஓர் ஆய்வு வந்தது. பதினேழிலிருந்து பத்தொன்பது வயதுக்குள் இருந்த ஒருவர், பக்கத்தில் ஈட்டிமுனைகளும் தோல் கிழிக்கும் கற்களும். பெரிய தலைவனாக இருக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். எலும்பையும் பல்லையும் சோதித்தபோது பெண். அந்தக் கற்கள் சிதறாமல் ஒரே குவியலாகத் தொடைக்கு அருகே கிடந்தன. ஒரு பைக்குள் இருந்திருக்கும், பை மக்கிவிட்டது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வேட்டைக்காரி, அவளுடைய பை. சுமப்பவள் வேறு, வேட்டையாடுபவள் வேறு என்ற பிரிவு அந்தக் குழியில் இல்லை.

என் பைக்குள் இருப்பதில் ஒன்றை எந்தப் பட்டியலும் சொல்வதில்லை. மாதவிடாய்க் கோப்பை, துடைக்கும் துணி, பயன்படுத்தியதைத் திரும்ப எடுத்துவரக் காற்றுப் புகாத இரண்டு உறைகள். அந்த நாட்களில் இடுப்புவார் அடிவயிற்றில் அழுந்துவது தனி வலி. வாரை ஒரு விரல் தளர்த்தி, தோளுக்குக் கொஞ்சம் பாரத்தை மாற்றி, ஒரு நடையை இரண்டாகப் பிரித்துக்கொள்வேன். பையின் வார்கள் நடந்துகொண்டே மாற்றக்கூடியவையாக இருக்க வேண்டும் என்பதற்கு இதுவும் காரணம். 1967 ஆகஸ்டில் மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் ஒரே இரவில் இரண்டு இளம்பெண்கள் கரடிகளால் கொல்லப்பட்டபோது, மாதவிடாய் வாடைதான் கரடிகளை இழுத்தது என்ற பேச்சு பரவியது. பிறகு கருங்கரடிகளை வைத்து நடந்த ஆய்வில் அவை அதைப் பொருட்படுத்தவே இல்லை என்று தெரிந்தது. கொலராடோவில் இருப்பவை கருங்கரடிகள்தான். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் என்னிடம் அந்த எச்சரிக்கையைச் சொல்கிறார். கோயிலுக்கு வெளியே நிறுத்தியவர்களின் குரலேதான், இடம்தான் காடு. 25 கிலோ பச்சைக் கறியை முதுகில் கட்டிக்கொண்டு நடப்பவளிடம், கரடி உன் ரத்தத்துக்கு வரும் என்கிறார்கள்.

பாரம் ஏற்றிய பையைத் தனியாகத் தூக்கி மாட்டுவது தனிக் கலை. நின்ற நிலையில் தோளுக்கு வீசினால் முதுகு பிடித்துக்கொள்ளும். பையைச் சரிவில் வைத்து, அதன் முன் உட்கார்ந்து வார்களை மாட்டி, பக்கவாட்டில் உருண்டு முட்டி போட்டு, கைத்தடியை ஊன்றி எழ வேண்டும். அக்கா எனக்கு வேறு வழி சொல்லித்தந்தார். போகும்போதே, இடுப்பு உயரத்தில் விழுந்து கிடக்கும் மரங்களைப் பார்த்து வைத்துக்கொள். திரும்பும்போது அவற்றின் மேல் பையை இறக்கி வை. எழும்போது யார் கையும் தேவைப்படாது. அவர் அதைச் சொன்னபோது எனக்கு ஒரு சொல் நினைவுக்கு வந்தது. சுமைதாங்கி.

நம் சாலையோரங்களில் இன்னமும் சில நிற்கின்றன. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் கிடத்தியது. தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் உதவியும் இல்லாமல் இறக்கிவைத்து, திரும்பத் தலையில் ஏற்றிக்கொள்ளும் உயரம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நடுவது வழக்கம். இறக்கிவைக்க முடியாத சுமையோடு போனவளின் பெயரால், வருகிறவர்கள் போகிறவர்கள் சுமையை இறக்கட்டும் என்று. அக்காவுக்கு இதைச் சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லாமல், "அவள் இருக்கும்போது ஒரு கல் வைத்திருக்கலாமே" என்றார்.

அதனால் எந்தப் பையை எடுத்தாலும் கடைசியாக ஒன்றைச் சோதித்துக்கொள்கிறேன். எவ்வளவு கொள்ளும் என்பதை அல்ல. முழுப் பாரத்தோடு இதை நானே இறக்கிவைத்து, நானே எடுத்துக்கொள்ள முடியுமா என்பதை. முடியாது என்றால் அது எத்தனை லிட்டராக இருந்தாலும் இன்னொருவர் கையை நம்பி வடிவமைத்தது. அக்காவுக்கும் இப்போது ஒரு பை இருக்கிறது, 43 சென்டிமீட்டருக்குப் பூட்டியது. மருத்துவர் அனுமதித்த அளவு 7 கிலோ. பிதுங்கிய வட்டு அதனால் உள்ளே போகவில்லை. ஆனால் அந்த 7 கிலோ இடுப்பில் இறங்குகிறது. போன பருவத்தில் என் எல்க்கின் ஈரலையும் இதயத்தையும் நாக்கையும் அவர்தான் சுமந்து இறங்கினார்.

நீங்கள் எல்க்கைச் சுமக்கப் போவதில்லை. என்சிசி முகாமுக்கோ, மலையேற்றத்துக்கோ, விடுதியிலிருந்து வீட்டுக்கோ, மடிக்கணினியும் புத்தகமுமாகத் தினமும் மின்சார ரயிலுக்கோ ஏதோ ஒன்றைச் சுமக்கத்தான் போகிறீர்கள். வலித்தால் முதலில் பையைத் திருப்பிப் பாருங்கள். அதற்கு முன்னால் உங்கள் முதுகை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அளவு நாடா வேண்டும், பின்னால் நின்று பிடிக்க இன்னொருத்தி வேண்டும். பிறகு நீங்கள் அவளை அளக்க வேண்டும்.